மூல எரிச்சலும் வலியும் குறைய என்ன சாப்பிட வேண்டும்? வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது

கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். அந்தக் கூச்சத்தில் நான் எட்டு மாதம் ஓட்டினேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

நீங்களும் நாள் முழுக்க ஒரே இடத்தில் வேலை பார்ப்பவராகத்தான் இருப்பீர்கள். நான் ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் பதினொரு வருடம் நின்றவள். காலையில் இரண்டு இட்லி, மதியம் புளி சாதமோ தயிர் சாதமோ, சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும், இரவு வீட்டுக்கு வரும் வழியில் பரோட்டா. காய்கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். கழிப்பறை மூன்று மாடி தள்ளி, அதுவும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதனாலேயே தண்ணீர் குடிக்க மாட்டேன். காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே வீடு திரும்பும்.

முதலில் மலச்சிக்கல், அப்புறம் எரிச்சல். ஒரு நாள் சொட்டுச் சொட்டாக ரத்தம். அரசு மருத்துவமனைக்குப் போனபோது ஹீமோகுளோபின் 8.6. உள்மூலம், ஆரம்ப நிலை, சாப்பாட்டை மாற்றினாலே அடங்கும் என்றார் மருத்துவர். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டுமாம். நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடக் கிடையாது. அதே எடை கொய்யாப்பழத்தில் ஐந்து கிராம் இருக்கிறது. இதைக் கேட்டதும் என் டிபன் பாக்ஸ்தான் கண் முன்னால் வந்தது.

எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன். மூன்று அத்திப்பழத்தை இரவே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிடுவேன். மதியம் சோற்றைப் பாதியாக்கி, மீதிப் பாதிக்குக் கீரையோ அவரைக்காயோ வாழைத்தண்டோ. வாரம் இரண்டு நாள் பிடிகருணை மசியல். கிழங்கைப் புளி சேர்த்து நன்றாக வேகவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். இரவு படுக்கும் முன் இசப்கோல் (மருந்துக்கடையில் கிடைக்கும் நார்ச்சத்து உமி) இரண்டு ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரில். கலக்கியதும் குடித்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் விட்டால் கூழாகிக் கெட்டிப்பட்டுவிடும். அதன் மேல் இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடியுங்கள். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் ஏற்றினால் மலம் இன்னும் இறுகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். நான் தொடங்கி, ஒரு வாரம் வயிறு உப்பி அவதிப்பட்டேன். ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கியது. அதைச் சொன்ன பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். எரிச்சல் அதிகமான நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவேன். மூன்று வாரத்தில் முக்காமல் போக முடிந்தது. ரத்தம் நிற்க இன்னும் ஒரு மாதம் ஆனது.

"கோழிக்கறி சூடு, அதனால்தான் மூலம்" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். நான் மருத்துவர் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. கோழியை நான் விடவில்லை. பரோட்டாவோடு சாப்பிடுவதை விட்டேன், கூடவே ஒரு காய் வைத்துக்கொண்டேன். காரம் எனக்கு எரிச்சலைக் கூட்டியது, அதனால் குறைத்தேன். உங்கள் உடம்பு எப்படியோ, பார்த்துக்கொள்ளுங்கள். துத்திக்கீரை வதக்கிச் சாப்பிட்டுக் குணமானதாகச் சொல்பவர்களையும் நான் மறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. கேரளாவில் அதற்கு மூன்று வருடம் முன்பே வந்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. வாடிக்கையாளர் கண்ணில் படாத மூலையில் போட்டார்கள். கழிப்பறைக்கு அனுமதி கேட்கும் வழக்கம் மட்டும் மாறவே இல்லை. ஒரு பெண் தண்ணீர் குடிக்கப் பயந்து பயந்து நிற்கும் இடத்தில், எத்தனை அத்திப்பழம் ஊறவைத்து என்ன ஆகும்? நான் வேலையை விட்டதற்கு இதுதான் காரணம். என்னோடு நின்றவர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள், எனக்கு அது ஆறவே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். ஆசனவாயில் ஏற்படும் வெடிப்பாகவும் இருக்கலாம். சுவரில் எழுதியிருக்கும் 'மூலம், பவுத்திரம்' நம்பருக்கும் போன் செய்யாதீர்கள். அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஒருமுறை காட்டிவிடுங்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால், பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று ஓபி சீட்டு போடும் இடத்திலேயே கேளுங்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பன்னிரண்டாம் நம்பர் ரூம்மா, உட்காரு, கூப்பிடுவாங்க" என்றார்.