தூளும் சாராயமும், வழக்குத் தவணையும்

அக்கா, தம்பி தூளோடு (ஹெரோயின்) தினம் சாராயமும் எடுக்கிறார், வழக்கொன்றில் பிணையில் நிற்கிறார், வீட்டிலேயே பூட்டி வைத்து நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீங்கள். வேண்டாம். தூள் விட்டால் ஒரு கிழமை போல உடம்பு முறிக்கும், மூக்கு ஒழுகும், வயிற்றாலை போகும். ஆனால் தினமும் குடித்தவர் சாராயத்தைச் சட்டென்று விட்டால் 2 நாளுக்குள் வலிப்பே வரலாம், உயிர் ஆபத்து. திருகோணமலைப் பொது வைத்தியசாலை மனநலப் பிரிவில் காட்டுங்கோ. கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காதீங்கோ. (வெட்கத்தில் பலர் குறைத்துத்தான் சொல்வது.) கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு வரவும் பதியட்டும்; வழக்கில் காட்ட, தவணைக்கு முன்பே பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கோ. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கோ, காசில்லை. போதைப்பொருள் ஆலோசனைக்கு, அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு அழையுங்கோ. கொஞ்சக்காலம் விட்டபின் பழைய அளவுத் தூளையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அதைத் தம்பிக்கு நேரே சொல்லுங்கோ.