கட்டைக்கு ஏன் இத்தனை காசு?

கேள்வி: மும்பை அந்தேரியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், டென்மார்க்கில் செய்த புகையிலைப் பைப் ஒன்றை 2.75 லட்ச ரூபாய் கொடுத்து வரவழைத்திருக்கிறார். அவருக்குப் புகைக்கும் பழக்கமே கிடையாது! கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொளுத்திப் பிடிக்கிற கட்டைக்கு இவ்வளவு பணமா? பணத்திமிர் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா? பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில், வாயில் வைக்கிற பாகத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பழைய பைப் ஒன்றை 4,000 ரூபாய் சொல்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானே?
- ஒரு வாசகர், செம்பூர்

பதில்: பணத்திமிரும் இருக்கலாம். அவருக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் திமிரைக் காட்ட நினைப்பவர், பார்த்ததும் ஊருக்கே விளங்குகிற காரையோ கைக்கடிகாரத்தையோ வாங்குவார். இந்தப் பைப்பை மேசைமேல் வைத்தால் அந்தேரியில் எத்தனை பேருக்கு அதன் விலை தெரியும்? உங்களுக்கே அவர் சொல்லித்தானே தெரிந்தது!

காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். நல்ல பைப் செய்கிற மரம் பிரையர். கோர்சிகா, இத்தாலியின் கலாப்ரியா, கிரீஸ், அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட சரிவுகளில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர். அதில் தண்டு உதவாது, கிளை உதவாது. தண்டும் வேரும் சேரும் இடத்தில் மண்ணோடு மண்ணாகத் திரண்டிருக்கும் முண்டுதான் வேண்டும். காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகினாலும் புதர் அந்த முண்டிலிருந்துதான் மறுபடி துளிர்க்கும். பைப்புக்கு ஆகிற அளவுக்கு அது பருக்கப் பொதுவாக 30 ஆண்டுகளுக்கு மேலாகும். தோண்டி எடுத்ததும் காய விட்டால் வெடித்துவிடும், அதனால் ஈரம் போகாமல் மூடி வைக்கிறார்கள். பிறகு அறுத்து, கொதிநீரில் சுமார் 12 மணி நேரம் வேகவைத்துச் சாற்றையும் துவர்ப்பையும் இறக்குகிறார்கள். சரியாக இறங்காத கட்டை புகைக்கும்போது கசக்கும். அதற்கப்புறம் மாதக்கணக்கில், பெரிய கைவினைஞர்களிடம் வருடக்கணக்கில், உலர்த்தல்.

இத்தனையும் செய்த பிறகும் கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வளரும்போது உள்ளே சிக்கிய கல்லும் மண்ணும், மரத்தின் சொந்தக் குறைகளும் குழிகளாக நிற்கும். நாள் முழுக்க இழைத்து, கடைசி அரை மில்லிமீட்டரை உப்புத்தாளால் தேய்க்கும்போது ஒரு குழி தலைகாட்டும். மலிவு விலைப் பைப் என்றால் மக்கு வைத்து அடைத்து, அடர்ந்த சாயம் பூசி அனுப்பிவிடுவார்கள். தன் பெயரைப் பொறித்து விற்பவர் அப்படிச் செய்தால் பெயர் போய்விடும். மணல் பீச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, விலையைக் குறைத்து விற்பார். அதற்கும் தேறாததைக் கழித்துப் போடுவார். ஆக, குறையில்லாமல் வழவழவென்று வெளியே வந்த ஒன்றின் விலையில், வராமல் போனவற்றின் மரமும் கூலியும் சேர்ந்திருக்கிறது. மாட்டுங்காவில் வீணை சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், ஒட்டு வீணைக்கும் ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் விலை ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறது என்று.

அடுத்தது மரத்தின் ரேகை. சேகரிப்பவர்கள் உயிரை விடுவது இதற்குத்தான். முண்டின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி நார்கள் விசிறிபோல ஓடும். புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் செங்குத்தான அச்சும் அந்த நாரும் ஒரே திசையில் அமைந்தால், சுற்றிலும் கோடு கோடாக நேர்ரேகை தெரியும். நாரைக் குறுக்கே வெட்டிய விளிம்பிலும் அடிப்பாகத்திலும் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். இதைப் பறவைக்கண் என்பார்கள். நார் கொஞ்சம் வளைந்து ஓடினாலும் ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் குழப்பம். சுற்று முழுக்க நேர்ரேகையும் இருந்து குழியும் இல்லாத கட்டை அபூர்வம், அதற்குத்தான் ஏலத்தில் கை உயர்கிறது. தொழிற்சாலையில் முதலில் துளை போட்டு, அந்தத் துளையைச் சுற்றி உருவத்தைக் கடைவார்கள். ரேகை விழுந்தபடி விழும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பட்டறை வைத்திருந்த சிக்ஸ்டன் ஈவர்சன் இதைத் தலைகீழாக்கினார். ரேகையைப் பார்த்து உருவத்தை முதலில் செதுக்கு, துளையை அப்புறம் போடு. உங்கள் நண்பர் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்துக்குப் போயிருக்கும். சொல்ல எளிது. வெளியே முடிந்துபோன, வளைந்த உருவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துளை சரியாகக் கிண்ணத்தின் அடி மத்தியில் போய்ச் சேர வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே போனால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கும். கீழே போனால் அடிப்பாகம் மெலிந்துவிடும்.

வாயில் வைக்கும் துண்டுக்கும் இதே கதைதான். மலிவானது அச்சில் வார்த்தது. விலை கூடியது எபோனைட் என்ற கெட்டி ரப்பர்க் கம்பியிலிருந்து அரத்தால் ராவி எடுத்தது. பல்லில் படும் இடத்தில் அது சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், அதற்குள் புகை வரும் வழி விசிறிபோல விரிய வேண்டும். துண்டின் முளைக்கும் அது உட்காரும் பொந்தின் அடிக்கும் இடையே இடைவெளி விட்டால் ஈரம் அங்கே தேங்கிக் களகளவென்று சத்தம் போடும். வாங்குமுன் பைப் சுத்தம் செய்யும் பஞ்சுக் கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து விடச் சொல்லுங்கள். எங்கும் இடறாமல் கிண்ணத்துக்குள் எட்டிப்பார்த்தால் துளை நேர்த்தி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புகைக்கிற சுகத்துக்காக இந்த விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துளை நேராகவும் கட்டை நன்றாக உலர்ந்தும் இருக்கும் சாதாரணப் பைப்பும் லட்ச ரூபாய்ப் பைப்பும் புகையில் அவ்வளவாக வேறுபடாது. மேற்கொண்டு தருவது ரேகைக்கும் பெயருக்கும்தான். பெயரிலும் செய்தவர் காலமாகிவிட்டால் விலை வேறு. ஸ்வீடனின் போ நூர்டு 2006-இல் மறைந்தார். வருடத்துக்கு மிகச் சில பைப்புகள் மட்டுமே செய்தவர். அவர் கைப்பட்டவை பத்து லட்ச ரூபாயைத் தாண்டிக் கைமாறியிருக்கின்றன.

புகைக்காமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார் என்று சிரிக்கிறீர்களே, அதுதான் அவர் செய்த புத்திசாலித்தனம். ஒரு முறை நெருப்புக் காட்டினாலும் மறுவிற்பனை விலை சரியும். உடம்புக்கு? பைப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் செய்யாது என்பது வெறும் சமாதானம். பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதிவைத்தார். வாய், நாக்கு, தொண்டை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பரேலில் டாடா புற்றுநோய் மருத்துவமனை வாசலில் ஒரு காலைப்பொழுது நின்றால் மீதி விளங்கும். ஆனால் இதை முதலீடு என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தங்கம்போல ஜவேரி பஜாரில் கொடுத்துக் காசாக்க முடியாது. வாங்குகிறவர் பெரும்பாலும் கடல் கடந்துதான் இருப்பார்.

மும்பை மழைக்காலமும் இதற்கு எதிரி. ஈரத்தில் பிரையர் ஊதி, துண்டு பொந்துக்குள் இறுகிவிடும். பலத்தைக் காட்டினால் துண்டு நுழையும் கழுத்து விரிசல் விடும். கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்து, மெதுவாகத் திருக வேண்டும். புகைப்பவராக இருந்தால் சூடாக இருக்கும்போது கழற்றவே கூடாது. எபோனைட் வெயில் பட்டால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும், ஆகவே கண்ணாடிப் பெட்டி ஜன்னலோரம் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் சோர் பஜார் சரக்கு. வெள்ளைப் புள்ளி லண்டன் டன்ஹில் என்ற பைப் நிறுவனத்தின் அடையாளம். துண்டின் எந்தப் பக்கம் மேலே என்று காட்ட முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி வந்தது. ஆனால் புள்ளியை யாரும் வைக்கலாம். உருப்பெருக்கியில் பாருங்கள்: அசல் புள்ளி உள்ளே பதித்தது, வர்ணம் தீட்டியதல்ல. அடுத்து கழுத்தில் பொறித்த எழுத்து. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்பதன் கடைசியில் சின்னதாக ஓர் எண் இருக்கும். இரண்டு இலக்கமாக இருந்தால் பெரும்பாலும் 1960-ஐக் கூட்ட வேண்டும்: 15 என்றால் 1975, 20 என்றால் 1980. ஒற்றை இலக்கம் ஐம்பதுகளுக்கும் வரும், அறுபதுகளுக்கும் வரும். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். எழுத்து மழுங்கியிருந்தால் யாரோ பாலிஷ் சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். அங்கேயே பாதி மதிப்பு போயிற்று. கிண்ணத்துக்குள் கரி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் படிந்திருந்தால், அது சூட்டில் விரிந்து சுவரை வெடிக்க வைத்திருக்கலாம். வெளிப்பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துண்டு பின்னால் மாற்றியதென்றால் பொந்தோடு பொருந்தும் இடத்தில் படி தட்டும்.

இவை எல்லாம் தேறினால் 4,000 ரூபாய் கொள்ளை மலிவு, பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். புள்ளி மட்டும்தான் இருக்கிறது, எழுத்து இல்லை என்றால் 500 ரூபாய்க்குக் கேளுங்கள். அதற்கே கடைக்காரர் கொடுத்துவிடுவார்.