கொடிவழியில் பாட்டிமார் எங்கே? குடும்ப வரலாறு: கேள்வி-பதில்

காவிரிக் கடைமடையில் இயங்கும் எங்கள் குடும்ப வரலாற்று வட்டத்துக்கு இம்முறை வந்த கடிதங்களில், பொதுப்பயன் உள்ளவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சொத்துத் தகராறுக்குச் சான்று தேடித் தரச் சொல்லும் கடிதங்களுக்குப் பதில் கிடையாது. அதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நான் இத்துறைக்குப் புதியவன். உங்கள் வட்டத்தில் சேர்ந்தால் என்ன கற்கலாம்? முன்தகுதி ஏதேனும் வேண்டுமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: முன்தகுதி வேண்டாம், பொறுமை வேண்டும். புதிதாக வருபவர்களை முதல் சில மாதங்களுக்கு நாங்கள் எந்த அலுவலகத்துக்கும் அனுப்புவதில்லை. வீட்டுப் பரணிலும் பீரோவிலும் இருக்கும் ஜாதகக் கட்டு, மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகைகள், பழைய ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்திரங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். மாதக் கூட்டத்தில் ஒருவர் வீட்டுப் பத்திரத்தை இன்னொருவர் உரக்கப் படிப்பார். தம் குடும்பத்துப் பத்திரத்தைத் தாமே படிக்கிறவர் தாம் எதிர்பார்க்கும் பெயரையே அதில் காண்பார் என்பதால்தான் இந்த ஏற்பாடு. புள்ளி வைக்காத எழுத்தும், தமிழ் எண்களும், வேலி, மா, குழி என்ற பழைய நில அளவைக் கணக்கும் இப்படிப் படித்துப் படித்தே பழகும். முதியவர்களிடம் பேசுவதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு பெயரின் அருகிலும் அது எங்கிருந்து தெரிந்தது என்று எழுதுங்கள். இந்த வாக்கியம் இந்தப் பக்கத்தில் மீண்டும் வரும்.

கேள்வி: 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என் தாத்தாவின் பதிவை எங்கே பார்க்கலாம்? (வாசகர், சிதம்பரம்)

பதில்: பார்க்க முடியாது. அச்சில் கிடைப்பவை மாவட்ட, வட்ட அளவிலான அட்டவணைகள் மட்டுமே; தனிநபர் பற்றிய கணக்கெடுப்புப் பதிவுகளை யாருக்கும் காட்டக்கூடாது என்று 1948ஆம் ஆண்டின் சட்டமும் சொல்கிறது. பிரிட்டனில் 100 ஆண்டுகள் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921 கணக்கெடுப்பு அங்கே 2022இல் பார்வைக்கு வந்தது. அந்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ரயிலேறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பத்திரத்தில் ‘ஷையார்’ என்பவர் பல இடங்களில் நிலம் வாங்கியும் விற்றும் இருக்கிறார். இவர் எங்கள் மூதாதையா, பங்காளியா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: ‘ஷை’ என்றால் மேற்படி. அதற்கு முந்தைய வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஷையார். கொடிவழியிலிருந்து அவரை இன்றே நீக்கிவிடுங்கள்; அவருக்கு நீங்கள் இரண்டு பிள்ளைகளையும் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: தாத்தா பிறந்தது துந்துபி வருடம் கார்த்திகை மாதம் என்று ஜாதகத்தில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் 1.6.1925 என்றும், ஒரு பத்திரத்தில் வயது சுமார் 40 என்றும் இருக்கின்றன. எதை நம்புவது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஜாதகத்தை நம்புங்கள். துந்துபி 60 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும்: 1862-63, 1922-23, 1982-83. உங்கள் தாத்தாவுக்கு நடுவில் உள்ளதே பொருந்தும் என்பதால், அவர் 1922 நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவுக்குள் பிறந்திருக்க வேண்டும். கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருந்தால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியையே பிடித்துவிடலாம். பள்ளித் தேதி, சேர்க்கையன்று தலைமையாசிரியர் வகுப்புக்கு ஏற்றபடி போட்டுக்கொண்டது. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்திருப்பது வேறு எப்படி? பத்திரத்தில் ‘சுமார்’ என்று எழுதியிருப்பதை எழுத்தரின் நேர்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் குறித்து வையுங்கள், எது எங்கிருந்து தெரிந்தது என்றும் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் சோழ அரச குலத்தின் நேர் வாரிசுகள் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். இதற்கான ஆவணத்தை எப்படிப் பெறுவது? (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: சோழர் ஆட்சி ஏறத்தாழ 1279இல் முடிந்தது. இடையில் 750 ஆண்டுகள், குறைந்தது 25 தலைமுறைகள். உங்கள் கடிதத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயரே இல்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஏழு தலைமுறைக் கொடிவழியை இத்துடன் அனுப்பியுள்ளேன். பங்காளிகள் அனைவரும் சரிபார்த்துவிட்டனர். இதை முழுமையானது என்று கொள்ளலாமா? (வாசகர், திருவாரூர்)

பதில்: கொள்ள முடியாது. நீங்கள் அனுப்பிய தாளில் 64 ஆண்கள் இருக்கிறார்கள். ஒரு பெண்கூட இல்லை. இந்த 64 பேரும் யார் வயிற்றில் பிறந்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. சரிபார்த்த பங்காளிகளும் கேட்கவில்லை.

இது உங்கள் ஒருவரது பழக்கமாக இருந்தால் இரண்டு வரியில் கடந்துவிடுவேன். வருகிற கொடிவழிகளில் பத்துக்கு ஏழு இப்படித்தான் இருக்கின்றன. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் வரும், ஏனெனில் அந்த நோட்டு வரி கொடுக்கும் ஆண்களின் கணக்கு. பிறந்த வீட்டுப் பெண், கல்யாணமானதும் கணவர் வீட்டுக் குலதெய்வத்துக்குப் போய்விடுகிறாள். வந்த வீட்டிலோ அவள் ‘இன்னார் சம்சாரம்’. இரண்டு நோட்டிலும் அவளுக்குப் பெயர் இல்லை.

நான் இதை நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பெண்களை விட்டால் ஆண்களின் வரிசையே தப்பாகிவிடும். நம்மிடம் பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் உண்டு. உங்கள் தாளில் நாலாம் தலைமுறையில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே தாத்தாவின் பேரன்மாராக இருந்தால் அது இயல்பு. ஆனால் இருவர் ஒரே தகப்பனுக்கு மகன்கள் என்று போட்டிருக்கிறீர்கள். ஒருவர் மூத்தாள் மகன், இறந்துபோனவர். அந்தப் பெயரே பின்னர் இளையாள் மகனுக்கு வைக்கப்பட்டது என்று இருக்கலாம். அல்லது ஒரே ஆள் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கலாம். தாயின் பெயர் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். முன்தலைமுறைகளில் பிரசவத்தில் இறந்த முதல் மனைவிகள் ஏராளம். அவர்களைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. ஆனால் அவர்கள் பிறந்த வீட்டில் அந்தப் பேச்சு இருக்கும்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். முதலில் மொய் நோட்டு. ஊர்வாரியாக எழுதப்பட்ட பழைய மொய் நோட்டில், பெரிய தொகையோ சீரோ செய்த ஊர் எது என்று பாருங்கள். அநேகமாக அதுதான் தாய்மாமன் வீடு, அதாவது உங்கள் பாட்டியின் பிறந்த ஊர். அடுத்தது விடுதலைப் பத்திரம். சகோதரர்கள் நிலத்தை விற்கவோ பிரிக்கவோ முனையும்போது, கட்டிக்கொடுத்த சகோதரிகளிடம் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குவார்கள். 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகும், பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும் இத்தகைய பத்திரங்கள் பெருகின. பங்கைப் பறித்துக்கொண்ட அந்தக் காகிதத்தில்தான் அத்தைமார் எல்லோரும் பெயர், வயது, கணவர் பெயர், ஊர் என்று வரிசையாக நிற்பார்கள். மூன்றாவது, மகளுக்கு மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலத்தின் பத்திரம். அது யார் பெயரில் இருந்தது, பிறகு யாருக்குப் போனது என்று பாருங்கள். நகரத்தார் வீடாக இருந்தால் திருமணத்தில் எழுதிக்கொண்ட இசைகுடிமானம் இருக்கும். இரு வீட்டுப் பெயரும் ஊரும் கோயிலும் அதில் கிடைக்கும். இவை எதுவும் இல்லையென்றால், வீட்டில் உள்ள மிக மூத்த பெண்மணியின் அருகில் அமர்ந்து, ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று கேளுங்கள். ஆண்களிடம் பரம்பரையைக் கேட்டால் பெருமை சொல்வார்கள். பெண்களிடம் கேட்டால் யாருக்கு யார் என்ன முறை என்பது ஐந்து தலைமுறைக்கு வரும். அவர் சொல்வதை எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் பக்கத்தில் போடுங்கள். எங்கிருந்து தெரிந்தது என்பது அங்கேயும் வேண்டும்.

64 பெயர்களுக்கும் தாய், மனைவி பெயர்களை நிரப்ப முயன்றுவிட்டு மறுபடி அனுப்புங்கள். தெரியாத இடத்தில் கோடு போடுங்கள். ‘லட்சுமி’ என்று போட்டு நிரப்பாதீர்கள்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் தெரியும். பட்டா, பத்திரம் எதுவும் கையில் இல்லை. சார்பதிவகத்தில் என்ன கேட்பது? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது பெரும்பாலும் 1975க்குப் பிந்தியவற்றுக்கே உதவும், அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தேடவைக்க வேண்டும். எல்லோரும் சர்வே எண்ணைச் சொல்லிச் சொத்தைத் தேடச் சொல்கிறார்கள். 1908 பதிவுச் சட்டப்படி ஆட்களின் பெயருக்கென முதல் அட்டவணையும் சொத்துக்கென இரண்டாம் அட்டவணையும் தனித்தனியே உண்டு. உங்களுக்கு வேண்டியது பெயர் அட்டவணை. பதிவான உயில்களும் உண்டு. எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம் என்று அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. நகல் கிடைத்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். எழுதிக்கொடுத்தவரை அடையாளம் காட்டிய இருவர் பெரும்பாலும் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார்கள்.

கேள்வி: 1880 வாக்கில் இருந்த பத்திரங்களையும் ஓர் ஓலைக் கட்டையும் லேமினேஷன் செய்து பாதுகாக்க நினைக்கிறேன். சரியா? (வாசகி, சீர்காழி)

பதில்: செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, காகிதம் உள்ளேயே பொடியும். முன்னும் பின்னும் படம் எடுங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் அதை வாங்கியவர் பெயரும் விற்ற தேதியும் இருக்கும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓலைக்கட்டைப் பிரிக்காமல் சரசுவதி மகால் நூலகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ ஓலைச்சுவடி தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம்.

கேள்வி: எங்கள் முன்னோர் காரைக்காலைச் சேர்ந்தவர்கள், கொள்ளுத்தாத்தாவுக்கு மட்டும் பிரெஞ்சுப் பெயர் போல ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. கலப்புத் திருமணமா? (வாசகர், காரைக்கால்)

பதில்: அவசரப்படாதீர்கள். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. பலர் பிரெஞ்சு ஒலியுள்ள பெயரைத் தேர்ந்தார்கள். சிலர் தந்தை பெயரையே வைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: புதுச்சேரி, காரைக்கால் குடிமைப் பதிவேடுகளின் பெரும்பகுதியை, எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள பிரெஞ்சுக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. பிறப்புப் பதிவில் பெற்றோர் பெயரும் தொழிலும் சாட்சிகளும் இருக்கும். பிறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சுச் சட்டப்படி 75 ஆண்டுகள் கழிந்த பிறகே பொதுப்பார்வைக்கு வரும். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அடுத்த தாலுகாவில் பிறந்திருந்தால் இத்தனையும் உங்களுக்குக் கிடைத்திராது.

கேள்வி: நான் டர்பனிலிருந்து எழுதுகிறேன். பூட்டனாரின் காலனி எண் (ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவருக்குக் கொடுத்த பதிவு எண்) கிடைத்துவிட்டது. அவர் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பரில் டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை, சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக, இன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனார்கள். எண் கிடைத்ததென்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை இருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஊர்ப் பெயர் சிதைந்திருக்கும். அதை உரக்கப் படித்து, அந்த வட்டத்தின் பழைய கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் நான்கு ஊர் இருந்தால் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள், பிடித்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பதிவின் படத்தை அனுப்பினால் எங்கள் கூட்டத்தில் படித்துப் பார்க்கிறோம். மலேயா வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கங்காணி முறையில் (தோட்டத்துக் கங்காணியே ஊருக்கு வந்து ஆள் சேர்த்து அழைத்துப்போன முறை) போனவர்களுக்கு இப்படி ஒரு பட்டியலை எதிர்பார்க்காதீர்கள், பழைய கடித உறைகளில் உள்ள தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள்.

கேள்வி: டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் பூர்வீக ஊர் தெரியுமா? (பலர்)

பதில்: தெரியாது.

கேள்வி: குடும்பத்தார் அனைவரின் ஆதார் நகலையும் வாங்கி வாட்ஸ்அப் குழுவில் தொகுத்து வருகிறேன். அடுத்து என்ன செய்யலாம்? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: அனைத்தையும் அழிக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரும் முறையும் மட்டும் போதும். பிறந்த தேதி, முகவரி, அடையாள எண் எதுவும் உங்கள் நோட்டை விட்டு வெளியே போகக்கூடாது.

கேள்வி: நிலவரி ரசீதில் பசலி 1318 என்று இருக்கிறது. ஆங்கில ஆண்டு என்ன? (வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: 590 கூட்டுங்கள். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் ஆண்டு என்பதால், 1908 ஜூலை முதல் 1909 ஜூன் வரை. ரசீதில் பட்டாதாரர் பெயருக்கு முன்னால் உள்ள தந்தை பெயரையும் படித்து எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அதை விட்டுவிட்டீர்கள்.