நடக்க வசதியில்லாத தெருவும் நீரிழிவுக்குக் காரணமாகுமா?

தெருவில் நடக்க வசதியில்லை என்பது உண்மையான உடல்நலச் சிக்கலா, அல்லது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். சாக்கு சொல்பவர்களும் உண்டுதான். ஆயினும் சிக்கல் உண்மையானது. அதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது.

மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 1990களின் பிற்பகுதியில் சென்னையின் இரு குடியிருப்புகளை ஆராய்ந்தது. நடுத்தர வருவாயினர் வாழ்ந்த திருமங்கலம் ஆசியாட் காலனியில் 12.4 விழுக்காட்டினருக்கும், குறைந்த வருவாயினர் வாழ்ந்த தியாகராய நகர் பாரதி நகரில் 6.5 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. நிலைமையை அறிந்த ஆசியாட் காலனியினர் தங்கள் பணத்திலேயே ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டனர். அதன்பின் உடற்பயிற்சி செய்வோரின் பங்கு 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தது. விழிப்புணர்வுக் கூட்டங்களும் உடன் நடந்ததால் முழுப் பெருமையையும் பூங்காவுக்கே தர முடியாது என்றாலும், நடக்க இடம் கிடைக்காமல் இவ்வளவு பேர் நடக்கத் தொடங்கியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே இரு இடங்களிலும் மீண்டும் கணக்கெடுத்தபோது, ஆசியாட் காலனியில் நீரிழிவு 15.4 விழுக்காடாகவும், பாரதி நகரில் 15.3 விழுக்காடாகவும் இருந்தது. முதல் இடத்தில் ஓரளவே ஏறிய நோய், இரண்டாவது இடத்தில் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகிவிட்டது. உணவு, வேலை, வருவாய் என்று பலவும் இதில் கலந்திருக்கின்றன. ஆனால் பணம் திரட்டிப் பூங்கா அமைக்கும் வாய்ப்பு எல்லாக் குடியிருப்புகளுக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேலைநாட்டு ஆய்வுகள் மக்கள் நெருக்கம், அருகிலுள்ள கடைகள், தெருச் சந்திப்புகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பகுதி நடப்பதற்கு ஏற்றதா என்று மதிப்பிடுகின்றன. அந்த அளவுகோலில் திருவல்லிக்கேணி மிக நன்றாகவே தேறிவிடும். நமக்குக் குறை வேறிடத்தில் இருக்கிறது: மழைநீர் வடிகாலின் மேல்மூடியே நடைபாதையாகிறது, அதன்மேல் மின்மாற்றியும் இருசக்கர வண்டிகளும் நிற்கின்றன, முழங்கால் வலியுள்ளவரால் அந்த உயரத்துக்கு ஏறவும் முடிவதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பால் வாங்கவும் பேருந்து ஏறவும் அன்றாடம் நடக்கிற நடையே அதில் பெரும்பகுதியை நிறைவு செய்துவிடும். நடக்கும்போது தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் கடைக்குப் போய் வருவதும் வீண் போவதில்லை.

சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் தெருவில் அடுத்த முறை பணி தொடங்கும்போது, வார்டு உறுப்பினரிடம் இந்த இரண்டு அளவுகளையும் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள்.