லண்டன் கேட்பவர்கள் இரண்டாவது விருப்பத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தில் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறாள். நன்றாகப் படிப்பவள். லண்டனில் என் தங்கை குடும்பம் இருப்பதால் அங்கேயே பயிற்சி மருத்துவராகச் சேர ஆசைப்படுகிறாள். விண்ணப்பக் கட்டுரையை மெருகேற்றித் தர ஒருவர் 800 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா? அவள் மதிப்பெண்ணுக்கு லண்டன் கிடைக்குமா?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: கொடுக்காதீர்கள். படிப்பை முடித்த புது மருத்துவர்கள் சேரும் பிரிட்டனின் ஃபவுண்டேஷன் பயிற்சிக்கான வழக்கமான விண்ணப்பத்தில் கட்டுரையே கிடையாது. இல்லாத ஒன்றை மெருகேற்றக் காசு கேட்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

மதிப்பெண்ணும் அங்கே எடுபடாது. முன்பு கல்லூரியில் மாணவர் பெற்ற தரவரிசைக்குப் பாதி, வேலையில் வரும் சிக்கல்களில் எப்படி நடந்துகொள்வார் என்று பார்க்கும் சூழ்நிலைத் தேர்வுக்குப் பாதி என்று புள்ளி போட்டு இடம் ஒதுக்கினார்கள். 2024 சேர்க்கையிலிருந்து அது போய்விட்டது. இப்போது கணினி ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் ஒரு வரிசை எண் தருகிறது. ஐந்தாறு வருடம் கண்விழித்துப் படித்த பிள்ளைக்கு இது நியாயமாகப் படாது. எனக்கும் இதில் உடன்பாடில்லை. ஆனாலும் உங்கள் மகள் கையில் ஒன்று மிச்சமிருக்கிறது. அதுதான் விருப்பப் பட்டியல். அதை எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பிரிட்டன் முழுவதும் ‘ஃபவுண்டேஷன் பள்ளி’ எனப்படும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் போடும் ஓரியல் இணையவாசலில் எல்லா வட்டாரங்களையும் வரிசைப்படுத்த வேண்டும். கணினி முதல் சுற்றில் எல்லாருடைய முதல் விருப்பத்தை மட்டும் பார்க்கும். வரிசை எண்படி வந்து, இடமிருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் அவரை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்தவருக்குப் போகும். இந்தச் சுற்று முழுவதும் முடிந்த பிறகுதான் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களைத் தொடும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். உங்கள் மகள் முதலில் லண்டன், இரண்டாவதாக அதே அளவு மவுசுள்ள இன்னொரு வட்டாரம் என்று போடுகிறாள் என வைத்துக்கொள்வோம். லண்டன் நழுவினால் இரண்டாவதும் அநேகமாகக் கிடைக்காது. அதை முதல் விருப்பமாகப் போட்டவர்களே முதல் சுற்றில் நிரப்பியிருப்பார்கள். அப்படியே ஆறாவதோ ஒன்பதாவதோ வரை இறங்க வேண்டியிருக்கும். ஆகவே இரண்டாவது இடத்தில், முதல் சுற்றில் நிரம்பாத வட்டாரம்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை இடம், எத்தனை பேர் அதை முதலாவதாகப் போட்டார்கள் என்ற முந்தைய ஆண்டுக் கணக்கு வெளியாகிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு மகளோடு உட்காருங்கள். தங்கை வீட்டுக்கு வாரக் கடைசியில் போய்வருவதுதான் நோக்கமென்றால் லண்டனையொட்டிய கென்ட்-சர்ரி-சசெக்ஸ், எசெக்ஸ்-பெட்ஃபர்ட்ஷயர்-ஹார்ட்ஃபர்ட்ஷயர் ஆகிய வட்டாரங்களின் கணக்கை முதலில் பாருங்கள். பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள லூட்டனிலிருந்து லண்டனுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான்.

ஸ்காட்லாந்திலேயே இருந்துவிடலாம் என்று அவள் மனம் மாறினாலும் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கட்டும். ஸ்காட்லாந்து முழுவதும் ஒரே வட்டாரம். இப்போது கிளாஸ்கோவில் படிப்பவருக்குக் கிளாஸ்கோவே கிடைக்கும் என்பதில்லை, இன்வர்னஸுக்கும் அனுப்பலாம்.

சித்தி வீடு இருப்பது தனிச் சலுகைக்குக் காரணமாகாது. 18 வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோர், உடற்குறையுள்ள ஒருவரை முதன்மையாகப் பராமரிப்பவர், குறிப்பிட்ட ஊரில் தொடர் சிகிச்சை தேவைப்படுபவர் போன்றவர்களுக்குத்தான் முன்கூட்டியே இடம் ஒதுக்குவார்கள். அதற்கும் சான்றுகளைக் கெடுவுக்குள் கொடுத்தாக வேண்டும். “கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விண்ணப்பித்த பிறகு குடும்பச் சூழ்நிலையோ உடல்நிலையோ பெரிதாக மாறியிருந்தால் தவிர வட்டார மாற்றம் கிடைப்பதில்லை.

வட்டாரம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. அடுத்து அந்த வட்டாரத்துக்குள் எந்த மருத்துவமனை, எந்தத் துறைகள் என்று மறுபடி வரிசைப்படுத்த வேண்டும். முதலாண்டு, நான்கு நான்கு மாதமாக மூன்று துறைகள். பட்டியலைப் பாதியில் விட்டால் மீந்து கிடப்பதுதான் வரும். விண்ணப்பதாரர் எண்ணிக்கை இடங்களை மிஞ்சிய ஆண்டுகளில் சிலருக்கு முதலில் வட்டாரத்தை மட்டும் சொல்லி, மருத்துவமனையைப் பின்னால்தான் சொன்னார்கள். வேலையோ ஆகஸ்ட் முதல் புதன்கிழமை தொடங்கும், அதற்கு முன்பே சில நாள் உடனிருந்து பழகும் பணியும் உண்டு. விசா வேலையும் வீடு தேடலும் அந்தக் கடைசி வாரங்களில் வந்து குவியும். இங்கிலாந்தில் வழக்கமான வாடகைக்கு முன்பணம் ஐந்து வார வாடகை வரை கேட்கலாம். முதல் சம்பளம் ஆகஸ்ட் கடைசியில்தான் வரும். அந்தப் பணத்தை இப்போதே எடுத்து வையுங்கள்.

பின்னாளில் சிங்கப்பூர் திரும்பும் எண்ணம் இருந்தால், அவளுடைய பல்கலைக்கழகம் நம் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 160 ஆக இருந்த அந்தப் பட்டியல் 2020இல் 103 ஆகச் சுருங்கி, 2025 பிப்ரவரியில் 112 ஆனது. முதலாண்டுப் பயிற்சியில் பொது மருத்துவமும் பொது அறுவைச் சிகிச்சையும் இருக்கும்படி அவள் துறைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இங்கே ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி மருத்துவரின் முதலாண்டில் அவை இரண்டுக்கும்தான் முதலிடம்.