ரோமில் சைவ உணவு, அளவான செலவில்
ரோமில் சைவமாக, கையைக் கடிக்காமல் சாப்பிட வழி கேட்டிருக்கிறீர்கள். கொலோசியம் எதிரே படம் போட்ட மெனுவை நீட்டிக் கூப்பிடும் உணவகங்களைத் தாண்டி டெஸ்டாச்சோ சந்தைப் பக்கம் போங்கள். மதியத்துக்கு 'பீட்சா அல் தால்யோ' கடைதான் சரி. கையால் அளவு காட்டினால் வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். பலகையிலுள்ள விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா என்று முதலில் பாருங்கள். சுப்ளி என்ற சோற்று உருண்டை ஆசை காட்டும். பழைய முறைப்படி அதற்குள் இறைச்சிக் குழம்பு இருக்கும், விசாரிக்காமல் வாங்காதீர்கள். காச்சோ எ பெப்பே பாஸ்தாவும் கண்டிப்பான சைவமல்ல: அதில் சேரும் பெக்கொரினோ ரொமானோ பாலாடைக்கட்டி, ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறையவைக்கப்படுவது. பயமில்லாதது மரினாரா பீட்சா. தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். காபியை நின்றபடியே குடித்துவிடுங்கள், உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும். குடிநீருக்குத் தெருக்குழாய்கள் உண்டு, இலவசம்.