காலையில் எரிந்து, ஓட்டினால் அணையும் டயர் விளக்கு

கேள்வி: காலையில் காரை எடுத்ததும் டயர் அழுத்த விளக்கு எரிகிறது. பத்து நிமிடம் ஓட்டினால் அணைந்துவிடுகிறது. காற்று அடித்தாலும் மூன்றே வாரத்தில் பழையபடி எரிகிறது. சென்சார் போய்விட்டதா?

பதில்: சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. காற்றுதான் குறைவு. பெரும்பாலும் டயர் சூடாக இருக்கும்போது அடித்ததுதான் காரணம்.

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். ஓடிய டயரிலோ நான்கு பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் 33 என்று இருந்து, சூடான டயரில் 33 வைத்தால், ஆறியபின் உள்ளே இருப்பது ஏறக்குறைய 29. பழுதே இல்லாத டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழக்கும். விடியற்காலைக் குளிரும் சேர்ந்தால் 25 பக்கம் வந்துவிடும். பல கார்களில் ஸ்டிக்கர் அளவிலிருந்து கால்வாசி குறைந்தால் விளக்கு எரியும். அதாவது அதே 25. ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் ஏறுவதால்தான் விளக்கு அணைகிறது.

வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின் பாருங்கள். சொந்தமாக ஒரு கேஜ் (டயர் அழுத்தம் அளக்கும் கருவி) வைத்துக்கொள்வது நல்லது. சூடான டயரில்தான் அடிக்க முடியும் என்றால் ஸ்டிக்கர் அளவைவிட நான்கு கூட்டி அடித்து, மறுநாள் காலை சரிபாருங்கள். ஓடி வந்த டயர் அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு வைக்கவேண்டிய அளவு அதுவல்ல.

ஒரே சக்கரம் மட்டும் வேகமாக இறங்கினால் கசிவு. சோப்புத் தண்ணீரை வால்வு முனை, வால்வின் அடி, ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு மூன்றிலும் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வால்வு முனையில் வந்தால் உள்ளே காற்றை அடைத்து நிற்கும் சிறு ஊசியான வால்வு ‘கோர்’ மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அலுமினியத் தண்டு உள்ள சென்சார் வால்வில் சாதாரண பித்தளைக் கோர் போடவே கூடாது. ஈரம் பட்டு இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்றப்போனால் தண்டே முறியும், சென்சாரையே மாற்ற வேண்டிவரும். நிக்கல் பூச்சுள்ள கோர் கேளுங்கள். மூடியும் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். புது டயர் மாட்டும்போது வால்வின் ரப்பர் வாஷர், நட்டு, கோர் மூன்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

சென்சார் பழுது என்றால் அறிகுறி வேறு. வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போல மின்னி, பிறகு நிலையாக எரியும். சென்சாருக்குள் அடைபட்ட பேட்டரியின் ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. தனியாக மாற்ற முடியாது.

சில கார்களில் சக்கரத்துக்குள் சென்சாரே இருக்காது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் மூலம் சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டே குறைவைக் கண்டுபிடிக்கும். அவற்றில் காற்று அடித்த பிறகு ரீசெட் செய்யாவிட்டால் விளக்கை நம்ப முடியாது. நான்கும் ஒரே அளவில் இறங்கினால் அந்த வகை எச்சரிக்காமலே இருக்கலாம் என்பதால், மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்த்தே தீர வேண்டும்.